சுவார்ட்ஸ் ஐயர் பிறந்த ஊர் எந்த நாட்டில்?



இந்த ஆண்டு விழாவை முன்னிட்டு ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு வினாவிடைப் போட்டிக்கு ஆயத்தம் செய்தோம். நம் முன்னோருக்கு நற்செய்தி கொண்டு வந்த மிஷனரிமாரைப் பற்றிய போட்டி அது. அதில் ஒரு கேள்வி, சுவார்ட்ஸ் ஐயர் பிறந்த ஊர் எங்கே இருக்கிறது என்பது. மிகவும் எளிய கேள்வி என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒரு பிள்ளை "ஜேர்மனி" என்று எழுதியது. இன்னொரு பிள்ளை கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு "போலந்து" என்று எழுதியது. மூன்றாவது பிள்ளை, ஊரின் பெயர் சொன்னன்பூர்க், மாநிலம் பிராண்டன்பூர்க் என்று ஒரு புத்தகத்தில் வாசித்து, வரைபடத்தில் அந்தப் பெயரையே தேடி, பாட் பிரையன்வால்டே என்ற சிறு நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தைக் கண்டுபிடித்துக் குறித்துக் கொண்டு வந்தது. மூவரும் உழைத்துத்தான் விடை எழுதியிருந்தார்கள். மூவருக்கும் புள்ளி கொடுப்பதா, ஒருவருக்குமே கொடுக்காமல் விடுவதா என்று ஆசிரியர்களாகிய நாங்கள் யோசித்துக்கொண்டு நின்றோம். அந்த யோசனையில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

சரியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு சொன்னன்பூர்க் என்ற சிறு பட்டணத்தில் பிறந்தார். அது ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே, நொய்மார்க் என்று அழைக்கப்பட்ட பகுதியில் இருந்தது. நொய்மார்க் பிராண்டன்பூர்க்கைச் சேர்ந்தது. பிராண்டன்பூர்க்கை ஆண்டவர் பிரஷ்யாவின் அரசர். புனித யோவானின் மாவீரர் சங்கம் என்ற பழைய கிறிஸ்தவச் சங்கத்தின் பிராண்டன்பூர்க் கிளைக்குத் தலைமையிடமாக இருந்ததால், அந்தச் சிறு பட்டணத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு தனி மதிப்பு இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலம் போலந்தின் கைக்குப் போனது. அங்கே வாழ்ந்த ஜேர்மானியர் வெளியேற நேர்ந்தது. போலந்து மக்கள் வந்து குடியேறினார்கள். சொன்னன்பூர்க் அன்றிலிருந்து ஸ்வோன்ஸ்க் ஆனது. பேர்லினிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர்தான். எல்லையைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பழைய சங்கக் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. சுவார்ட்ஸ் சிறுவனாகப் பள்ளிக்குப் போன கூஸ்ட்ரின் நகரமும் அருகில்தான் இருக்கிறது. அதுவும் இன்று போலந்தில், கோஸ்ட்ஷின் என்ற பெயரில்.

ஆகவே "ஜேர்மனி" என்று எழுதிய பிள்ளை பாதி சரி. "போலந்து" என்று எழுதிய பிள்ளையும் பாதி சரி. மூன்றாவது பிள்ளை வாசித்த புத்தகத்திலும் பிழை இல்லை. ஆனால் 1726இல் பிராண்டன்பூர்க் என்றால் ஓடரின் இரு கரைகளும் அதில் அடக்கம். இன்றைய பிராண்டன்பூர்க் மாநிலமோ ஆற்றின் மேற்குக் கரையோடு நின்றுவிடுகிறது. அந்த மேற்குக் கரையில் தற்செயலாக இன்னொரு சொன்னன்பூர்க் இருக்கிறது. அன்றைய மாநிலப் பெயரை எடுத்து இன்றைய வரைபடத்தில் தேடியதால், கைத்தொலைபேசி ஆளை வேறொரு ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டது. இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை.

இந்த ஊரைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் ஊழியம் செய்த பெஞ்சமின் சூல்ட்சே ஐயரும் இதே சொன்னன்பூர்க்கில், 1689இல் பிறந்தவர்தான். அவர் இந்தியாவிலிருந்து திரும்பி ஹாலே நகரில் தமிழ் வேதாகம அச்சுவேலையில் ஈடுபட்டிருந்தபோது, அங்கே மாணவராக இருந்த சுவார்ட்ஸ் அந்த வேலைக்கு உதவுவதற்காகத் தமிழ் படிக்கத் தொடங்கினார். பின்பு 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1760இல் இலங்கைக்கும் வந்து போனார். திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798இல் தஞ்சாவூரிலேயே கண் மூடினார். ஒரே சிறு பட்டணத்திலிருந்து இரண்டு பேர் நம் மொழிக்கு வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஜேர்மனி என்றும் மற்றவருக்குப் போலந்து என்றும் எழுதிவிட்டால், இருவரும் ஓரூர்க்காரர் என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும் அல்லவா?

பிள்ளைகளே, இன்னொரு கேள்வி கேட்கிறேன். சுவார்ட்ஸ் பிறந்தபோது "ஜேர்மனி" என்று ஒரு நாடு இருந்ததா?

இன்று நாம் வாழுகிற மாதிரி ஒரே அரசும் ஒரே கடவுச்சீட்டும் உள்ள ஜேர்மனி அப்போது இல்லை. ஜேர்மன் பேசிய மக்கள் இருந்தார்கள். ஆனால் அரசர்களும் கோமகன்களும் ஆயர்களும் சுதந்திர நகரங்களும் தனித்தனியாக ஆண்ட நூற்றுக்கணக்கான பகுதிகளாக அந்த நிலம் பிரிந்து கிடந்தது. அவற்றில் பெரும்பாலானவை பரிசுத்த ரோமப் பேரரசு என்ற ஒரு பெரிய குடையின் கீழ் இருந்தன. அந்தப் பேரரசு 1806இல் முடிந்துபோனது. பிரஷ்யாவின் தலைமையில் ஜேர்மன் பேரரசு எழுந்தது 1871இல்தான்.

சீகன்பால்கு ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1682இல் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தார். ஊரின் பெயர் இன்றுவரை மாறவில்லை. மாறியதெல்லாம் ஊரைச் சுற்றியிருந்த எல்லைகளும் ஆட்சிகளும்தான். அவர் பிறந்தபோது அந்த ஊர் ஓபர்லவுசிட்ஸ், அதாவது மேல் லவுசிட்ஸ் என்ற பகுதியில் இருந்தது. அது பொஹேமிய முடிக்கு உரியதாக இருந்து, 1635இல் சாக்சனியின் ஆட்சியாளர் கைக்கு வந்த பகுதி. பின்னாளில் சாக்சனி ஓர் இராச்சியமானது. அதன் பின் ஜேர்மன் பேரரசின் ஒரு பகுதியானது. 1949க்குப் பின் அந்த ஊர் கிழக்கு ஜேர்மனிக்குள் இருந்தது. 1952இல் கிழக்கு ஜேர்மனி தன் மாநிலங்களையே கலைத்துவிட்டதால், புல்ஸ்னிட்ஸ் டிரெஸ்டன் மாவட்டத்தின் ஊர் ஆனது. 1990இல் சாக்சனி மாநிலம் திரும்பவும் வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் பறந்த கொடிகள்தான் மாறிக்கொண்டே இருந்தன.

சீகன்பால்கு ஐயர் படித்த ஹாலேயும் அப்படித்தான். அவர் காலத்தில் அது மாக்டபூர்க் கோமகன் நாட்டைச் சேர்ந்த நகரம். 1680 முதல் பிராண்டன்பூர்க் ஆட்சியாளரின் கீழ் இருந்தது. இன்று அது சாக்சன் அன்ஹால்ட் மாநிலத்தில் இருக்கிறது. அவரையும் புளூட்சோ ஐயரையும் அனுப்பி வைத்தவரோ டென்மார்க் அரசர். இருவரும் 1706இல் டேனிஷ் குடியேற்றமாகிய தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். இதனால்தான் சில பழைய நூல்களில் அவர்கள் "டேனிஷ் மிஷனரிமார்" என்று இருக்கிறது. அதை வாசித்துவிட்டு டென்மார்க் கோயில் ஏடுகளில் சீகன்பால்குவின் பிறப்பைத் தேடினால், காலமெல்லாம் தேடினாலும் கிடைக்காது.

திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ரேனியஸ் ஐயரைத் தெரியாமல் இருக்காது. 1814இல் சென்னைக்கும் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்து, 1838இல் அங்கேயே உறங்கியவர். அவர் 1790இல் கிரவுடன்ஸ் கோட்டையில் பிறந்தார். 1772 வரை அந்த நகரம் போலந்து அரசருக்கு உட்பட்டிருந்தது. அந்த ஆண்டில் பிரஷ்யா அதை எடுத்துக்கொண்டு, மேற்குப் பிரஷ்யா என்ற மாகாணத்தில் சேர்த்தது. ரேனியஸ் பிறந்தது அதற்குப் பின். 1920இல் நகரம் மீண்டும் போலந்துக்குப் போனது. 1939 முதல் 1945 வரை ஜேர்மன் ஆக்கிரமிப்பில் கிடந்து, திரும்பவும் போலந்தானது. இன்று அதன் பெயர் குருஜொன்ட்ஸ். ஆகவே "மேற்குப் பிரஷ்யாவின் கிரவுடன்ஸ், இன்று போலந்தின் குருஜொன்ட்ஸ்" என்று எழுதினால் பிழையே இல்லை. அந்த ஒரே வரி ஒரு வரலாற்றுப் பாடமும் ஆகிவிடும்.

ரோட்லர் ஐயரின் கதை இதற்கு நேர்மாறானது. செடிகொடிகளை ஆராய்ந்தவர், தமிழ் அகராதி தொகுத்தவர், 1836இல் சென்னையில் மறைந்தவர். அவர் 1749இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் பிறந்தார். ஜேர்மன் பேசிய லூத்தரன் குடும்பங்கள் நிறைந்த நகரம் அது. அதனால் அவர் ஜேர்மனியில் பிறந்தவர் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த நகரம் 1681 முதலே பிரான்ஸ் அரசரின் கீழ் இருந்தது. 1871இல்தான் ஜேர்மன் பேரரசுக்குள் வந்தது. 1918இல் பிரான்சுக்குத் திரும்பிப் போய், இடையில் இரண்டாம் உலகப் போர் ஆண்டுகள் தவிர, இன்றுவரை பிரான்சில்தான் இருக்கிறது. பேசுகிற மொழி ஒன்று, ஆளுகிற அரசு இன்னொன்று. நமக்கு இது புதிய செய்தியல்ல. தமிழ் பேசுகிற நாம் எத்தனை நாடுகளின் கடவுச்சீட்டுகளை வைத்திருக்கிறோம்!

அப்படியானால் எப்படித்தான் எழுதுவது? குடும்ப வரலாறு ஆராய்கிறவர்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு மிக எளியது. ஒரு நிகழ்ச்சி நடந்த நாளில் அந்த ஊருக்கு என்ன பெயர் இருந்ததோ, அந்த ஊர் யாருடைய ஆட்சியில் இருந்ததோ, அதை முதலில் எழுத வேண்டும். இன்றைய பெயரையும் நாட்டையும் அதன் பக்கத்தில் எழுத வேண்டும். ஒன்றை எழுதி மற்றதை விட்டுவிடக் கூடாது. முதலாவது பெயர் உண்மைக்காக. இரண்டாவது பெயர், நாளைக்குத் தேடி வருகிறவர் வழி தவறாமல் இருப்பதற்காக.

இந்த ஒழுங்கு நமக்குப் பழக்கமானதுதான். வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். யாக்கோபு கனவு கண்ட இடத்துக்குப் பெத்தேல் என்று பெயர் வைத்ததைச் சொல்லும் ஆதியாகமம், அந்த ஊருக்கு முன்பு லூஸ் என்ற பெயர் இருந்ததையும் கூடவே சொல்கிறது. எபிரோன் என்று சொல்லும்போது கீரியாத் அர்பா என்ற பழைய பெயரை விட்டுவிடவில்லை. யூதாவில் ஒரு பெத்லெகேம் உண்டு. செபுலோன் கோத்திரத்தின் ஊர்களிலும் ஒரு பெத்லெகேம் உண்டு. அதனால்தான் தாவீதின் ஊரைச் சொல்லும்போது யூதாவின் பெத்லெகேம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஜேர்மனியிலும் அதே ஏற்பாடு உண்டு. மாயின் ஆற்றங்கரையில் ஒரு பிராங்பேர்ட், ஓடர் ஆற்றங்கரையில் இன்னொரு பிராங்பேர்ட். சாலே ஆற்றங்கரையில் ஹாலே, வெஸ்ட்பாலியாவில் இன்னொரு ஹாலே. நொய்ஸ்டாட் என்ற பெயரிலோ எத்தனையோ ஊர்கள் உள்ளன. புதுநகர் என்று அர்த்தம். நம் நாட்டிலும் புதூர்கள் எத்தனை! ஆற்றின் பெயரோ மாநிலத்தின் பெயரோ இல்லாமல் ஊரின் பெயரை மட்டும் எழுதி வைப்பது, வீட்டு இலக்கம் இல்லாமல் கடிதம் போடுவது போலத்தான். இன்னும் ஒன்று. பூர்க் என்பது கோட்டை, பேர்க் என்பது மலை. சொன்னன்பூர்க் வேறு, துய்ரிங்கன் மாநிலத்தில் இருக்கும் சொன்னபேர்க் வேறு. ஓர் எழுத்துத் தவறினால் ஆள் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவார்.

நம் சபையில் ஜேர்மன் மருமக்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் அம்மம்மா, மறுபக்கம் ஓமா என்று இரண்டு வேர்களோடு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு உதவும்படி, சில நடைமுறைக் குறிப்புகளைத் தருகிறேன்.

முதலாவது, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதுங்கள். திருத்த வேண்டாம். கேல்ன் நகரின் பெயரை 1919 வரை அரச ஏடுகளில் 'சி' என்ற எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். கிரேபெல்ட் நகரத்தையும் 1925 வரை அப்படியே எழுதினார்கள். இன்று இரண்டும் 'கே' எழுத்தில் தொடங்குகின்றன. பழைய அட்டவணையில் 'கே' பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு, அப்படி ஓர் ஊரே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இரண்டாவது, எந்த ஆண்டு என்று பாருங்கள். பிரஷ்யாவில் 1874 அக்டோபர் முதலும், ஜேர்மன் பேரரசு முழுவதும் 1876 ஜனவரி முதலும், பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் அரச பதிவு அலுவலகமாகிய ஸ்டாண்டஸ்அம்ட் பதிந்து வருகிறது. அதற்கு முந்திய காலத்துக்குப் பெரும்பாலும் கோயில் ஏடுகள்தான் கதி. சிறு கிராமங்களில் கோயில் இருக்காது. பக்கத்து ஊர்க் கோயிலில்தான் ஞானஸ்நானம் நடந்திருக்கும். ஆகவே பிறந்த ஊர் ஒன்றாகவும் ஞானஸ்நான ஊர் வேறாகவும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

மூன்றாவது, ஊரை உறுதிப்படுத்துங்கள். 1912, 1913ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மேயர்ஸ் ஊர் அகராதி அன்றைய ஜேர்மன் பேரரசின் ஊர்களை அகரவரிசையில் தருகிறது. ஒவ்வோர் ஊரும் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது, அதற்குரிய ஸ்டாண்டஸ்அம்ட் எங்கே இருந்தது என்றெல்லாம் அதில் இருக்கிறது. பழைய அச்செழுத்தில் இருப்பதால் வாசிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இன்று அதைக் கணினியிலும் பார்க்கலாம்.

நான்காவது, ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். வூப்பர்ட்டால் நகரில் நமக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பல. ஆனால் 1929க்கு முன் அப்படி ஒரு நகரம் இல்லை. பார்மன், எல்பர்பெல்ட் முதலிய நகரங்கள் அந்த ஆண்டில் இணைந்து, 1930இல்தான் வூப்பர்ட்டால் என்ற பெயர் வந்தது. ஒருவருடைய பூட்டனார் 1890இல் பார்மனில் பிறந்திருந்தால், பார்மன் என்றே எழுதுங்கள். இன்று அது வூப்பர்ட்டாலின் ஒரு பகுதி என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

ஐந்தாவது, சில பெயர்களுக்கு ஆயுள் குறைவு. கெம்னிட்ஸ் நகரம் 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று இருந்தது. அந்த ஆண்டுகளில் அங்கே பிறந்தவரின் பத்திரத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். கிழக்குப் பிரஷ்யாவில் ஜேர்மன் அல்லாத ஓசை கொண்ட ஊர்ப் பெயர்கள் பலவற்றை நாசி அரசு 1938இல் மாற்றியது. ஏழு ஆண்டுகளில் அந்தப் புதுப் பெயர்களும் போய், போலந்துப் பெயர்களோ ரஷ்யப் பெயர்களோ வந்தன. ஓரே வீட்டில் பிறந்த அக்காவுக்கும் தம்பிக்கும் பிறந்த ஊர் வெவ்வேறாக எழுதப்பட்டிருந்தால், குடும்பம் இடம் மாறியது என்று அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். பெயர் மாறியிருக்கலாம்.

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். இன்று போலந்தில் இருக்கும் ஊருக்கு ஜேர்மன் பெயரை எழுதினால், அந்த ஊருக்கு உரிமை கொண்டாடுகிறோம் என்று யாராவது நினைக்க மாட்டார்களா? நியாயமான கேள்விதான். போலந்து மக்கள் அந்தப் போரில் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அதைக் கேட்கத்தான் செய்வார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் பெயர்களும் ஆயுதமாயின. போலந்தின் வூட்ஜ் நகருக்கு 1940இல் ஒரு ஜேர்மன் தளபதியின் பெயரைச் சூட்டி லிட்ஸ்மன்ஸ்டாட் என்று அழைத்தார்கள். அப்படித் திணிக்கப்பட்ட பெயர் ஒரு பத்திரத்தில் இருந்தால் அதை மறைக்க வேண்டாம். பத்திரத்தில் உள்ள பெயர் இது, எந்தச் சூழலில் வந்தது இது, ஊர் மக்கள் வழங்கிய பெயர் அது என்று மூன்றையும் எழுதுங்கள். இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது உரிமை கொண்டாடுவது ஆகாது. அங்கே முன்பு வாழ்ந்தவரையும் இன்று வாழ்கிறவரையும் ஒருசேர மதிப்பதுதான் அது.

போருக்குப் பின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜேர்மானியர் கிழக்கிலிருந்த தங்கள் ஊர்களை விட்டு வந்தார்கள். பிரெஸ்லவ் இன்று விரோட்ஸ்வாவ். ஸ்டெட்டின் இன்று ஷ்செட்சின். டான்சிக் இன்று கிடான்ஸ்க். கேனிக்ஸ்பேர்க் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். அந்த ஊர்களில் பிறந்த ஒரு முதிய ஓமா, பிறந்த ஊர் பிரெஸ்லவ் என்று சொல்லும்போது, அரசியல் பேசவில்லை. தன் தாய் கூப்பிட்ட பெயரில் தன் ஊரைச் சொல்கிறார். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி வந்த நம் மூத்தவர்களுக்கு, இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரை விட்டு வந்தவருக்கு ஊரின் பெயர்தான் கையில் மிஞ்சும் காணித்துண்டு.

இந்த ஒழுங்கு நம் பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும். ஹாலேயில் இருக்கும் பழைய கடிதங்களில் தரங்கம்பாடி என்று தேடினால் கிடைக்காது. டேனிஷ்காரரும் ஜேர்மானியரும் டிராங்கேபார் என்றே எழுதினார்கள். தமிழ் என்று தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. அன்று அவர்கள் நம் மொழியை மலபார் மொழி என்றே அழைத்தார்கள். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் ஏடுகளில் வட்டுக்கோட்டை "பட்டிகோட்டா" ஆகவும், உடுவில் "ஊடூவில்" ஆகவும், தெல்லிப்பழை "தில்லிப்பள்ளி" ஆகவும் இருக்கின்றன. உங்கள் பூட்டியார் உடுவிலில் படித்தவர் என்றால், அவர் பெயர் எந்த எழுத்தில் ஒளிந்திருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அப்பப்பா 1940இல் பிறந்திருந்தால் அவர் பிறந்தது சிறீலங்காவில் அல்ல, இலங்கையை அன்று ஆங்கிலத்தில் அழைத்தபடி சிலோனில். அரச பெயர் மாறியது 1972 மே 22ஆம் திகதி.

பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாவின் பயணத்திலேயே இப்போது வரலாறு சேர்ந்துவிட்டது. 1980களில் இங்கே வந்த நம்மவர் பலர் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்கு வந்தார்கள். அவர்கள் முதலில் கால் வைத்த மண் ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு. அந்த நாடு 1990 அக்டோபர் 3க்குப் பின் இல்லை. இரண்டு பேர்லின்களும் இன்று ஒன்று. "அப்பா பேர்லினுக்கு வந்தார்" என்று மட்டும் நீங்கள் எழுதி வைத்தால், நடுங்கும் கையில் பயணப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் கடந்த அந்த எல்லை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும். எந்த ஆண்டு, எந்தப் பேர்லின் என்று கேட்டு எழுதுங்கள்.

ஆகவே இந்த ஆண்டு விழாவில் உங்களிடம் ஒரு சிறு வேலையைக் கேட்கிறேன். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு வரி எழுதுங்கள். பிறந்த நாளில் ஊருக்கு இருந்த பெயர். அன்று ஆண்ட அரசு. ஞானஸ்நானம் பெற்ற கோயில். அந்த ஊரின் இன்றைய பெயரும் நாடும். யாழ்ப்பாணம் என்று சொல்லி நிறுத்த விடாதீர்கள். எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி என்று கேளுங்கள். ஓமாவிடமும் அதே நான்கு வரியைக் கேளுங்கள். ஆலோசனைச் சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் பெற்றோர் பிறந்த ஊரை இந்த முறையில் எழுதத் தொடங்குவோம். இன்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நம் முதியோர் வரிசையில் ஓர் இருக்கை வெறுமையாகிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

போட்டியில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மூன்று பிள்ளைகளையும் முன்னுக்குக் கூப்பிட்டு, மூவருடைய விடையையும் சேர்த்து ஒரே விடையாகக் கரும்பலகையில் எழுதினோம்: "சுவார்ட்ஸ் ஐயர், பிறப்பு 1726, சொன்னன்பூர்க், நொய்மார்க், பிராண்டன்பூர்க், பிரஷ்ய அரசரின் ஆட்சி. இன்று ஸ்வோன்ஸ்க், போலந்து." மூவருக்கும் முழுப் புள்ளி கொடுத்தோம்.

ஊர்களின் பெயர்கள் மாறும், எல்லைகள் நகரும், அரசுகள் வரும், போகும். நம்மைப் பெயர் சொல்லி அழைத்தவர் மாறாதவர். அவருடைய கிருபை இந்தச் சபையோடும், இங்கே வளரும் நம் பிள்ளைகளோடும், நாம் விட்டு வந்த எல்லா ஊர்களோடும் இருப்பதாக. ஆமென்.